நீலவல்லி ஊரை நீங்கினாளா?

2024 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை. காலை முதல், மேற்கிலிருந்து கடலை நோக்கி வீசும் கச்சான் காற்று ஓயவில்லை. உப்பளங்களின் பக்கமிருந்து எழுந்த புழுதியால் தூத்துக்குடிக் கடல்மேல் மங்கல் படர்ந்திருந்தது.

வானிலையை முதற்கண் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் மாடியறையில் நால்வர் கூடிப் பகடை உருட்டி ஆடும் மாயக்கதை விளையாட்டில், சன்னலுக்கு வெளியே நிலவும் வானிலையே கதைக்குள்ளும் நிலவும். இது நடுவனாகிய ஜெபின் வகுத்த விதி.

அன்று பகடையில் ஒன்று விழுந்தமையால், ஸ்டெபியின் பாத்திரமாகிய நீலவல்லி என்னும் மந்திரக்காரியின் தோணி கடலில் கவிழ்ந்தது. எனினும் அவள்மீது ஒரு காப்பு மந்திரம் இருந்தது. ஆங்கில விதிநூலைத் தமிழாக்கி ஜெபின் வாசித்தான்: "காப்புப் பெற்றவர் தம் ஊரை நீங்காதவரை நீர் அவரைக் கொல்லாது."

பின்னர் நூலை மூடினான். "தோணி ஏறுனப்பவே ஊரை விட்டாச்சு. ஆள் காலி."

இறந்த பாத்திரம் மீளாது என்பது எங்கள் உடன்பாடு. ஸ்டெபியோ செவிலிப் பணிக்காகத் திங்கட்கிழமை மஸ்கட் செல்லவிருந்தாள்.

"ஏலே ஜெபினு, நான் திரும்பி வார வரைக்கும் அவளாவது இங்கன இருக்கணும்லா? அவளும் போயிட்டா இந்த மேசையில எனக்கு என்னலே இருக்கு?"

"நீ பிளைட்டு ஏறுத, அவ சொர்க்கம் ஏறுதா," என்றேன் நான். அவள் சிரிக்கவில்லை.

மீனவர் குடும்பத்தவனான அமலன் குறுக்கிட்டான். "எங்க வீட்டுல அப்படிச் சொல்ல மாட்டாங்க. கடல்ல கெடந்தாலும் கோயில் கோபுரம் தெரியுத மட்டும் ஊர்லதான் இருக்கோம். மறைஞ்ச பொறவுதான் ஊரை விட்டதா அர்த்தம்."

"இந்த மங்கல்ல தெரியுமாக்கும்?" என்றான் ஜெபின்.

அமலன், விசைப்படகில் சென்றிருந்த தன் அண்ணன் வளனை அலைபேசியில் அழைத்தான்.

"அண்ணே, அங்கன இருந்து கோபுரம் தெரியுதா?"

"எதுக்குலே?"

"ஒரு பொம்பள கடல்ல விழுந்துட்டா..."

"ஐயோ! எந்த வள்ளம்லே?"

"நெசமா இல்லண்ணே, வெளையாட்டுல."

"வலை இழுக்குத நேரத்துல வெளையாட்டா? வந்து பேசிக்கிடுதேன்."

ஆயினும் அவர் அழைப்பைத் துண்டிக்கவில்லை. இயந்திர ஒலியும் காற்றும் அறையை நிறைத்தன. மேசை மெல்ல அசைவதாக எனக்குத் தோன்றியது. சுவர்கள் நீலமாயின. எங்கள் பாதங்களுக்குக் கீழே எங்கோ, நீலவல்லி கூந்தல் விரிய மிதந்தவாறு எங்கள் தீர்ப்புக்குச் செவிசாய்த்திருந்தாள்.

"கோபுரம் தெரியல," என்றார் வளன்.

நீலவல்லியின் அடையாளமாக வைத்திருந்த சோழியை ஸ்டெபி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"தெர்மல் புகைபோக்கிதான் லேசா தெரியுது."

அனல்மின் நிலையத்தின் பேச்சு வந்ததும் ஜெபின் முகம் சுளித்தான். "நம்ம கதையில ஏதுலே தெர்மல்?"

"விதியில கோபுரமும்தான் இல்ல. ஊருன்னுதான இருக்கு?" என்றான் அமலன்.

ஜெபின் நெடுநேரம் விதிநூலையும் ஸ்டெபியின் மூடிய கையையும் மாறி மாறி நோக்கினான். பின்பு பென்சிலை எடுத்து, மேசைமேல் விரித்திருந்த கதையின் வரைபடத்தில், நீலவல்லியின் ஊராகிய மந்திரவாதிகள் நகரின் கரையோரம் ஓர் உயரமான புகைபோக்கியை வரைந்தான். அதன் புகை, அன்றைய காற்றுக்கேற்பக் கடலை நோக்கிச் சாய்ந்தது.

ஸ்டெபி கையைத் திறந்து, சோழியை அப்புகையின் நுனியில் வைத்தாள்.

"அங்கனயே மெதந்துக்கிட்டுக் கெட, ஏளா. நான் வந்துருதேன்."

ஆட்டம் நிறைவுற்றபோது மாலை 6 மணி 12 நிமிடம்.