மேல் வீட்டில் காய்த்த வெள்ளரி

பல் செட் செய்கிறவர் என்றால் பொறுமைசாலி என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இவரும் அப்படித்தான். முன்பின் தெரியாதவர்களின் ஈறுக்கு மெழுகில் அச்செடுத்து, ஒவ்வொரு பல்லாகப் பதித்து, கடித்தால் உறுத்தாத வரை தேய்த்துக்கொண்டே இருப்பார். குடியிருப்பில் அவருக்குப் ‘பல்லுக்காரர்’ என்றே பெயர். அந்தப் பொறுமைசாலியை ஒரு வெள்ளரிக்கொடி பைத்தியமாக ஆக்கிவிட்டது.

ஆரம்பித்துவைத்தது மச்சான். மண்ணே இல்லாமல் வெறும் தண்ணீரில் காய்கறி வளர்க்கும் வீடியோ ஒன்றை அனுப்பி, “மாமா, உங்க கைக்கு இது சரியா வரும்” என்று உசுப்பேற்றிவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான். மறு வாரமே கண்ணாடி அடைத்த பால்கனியில் ஓர் ஆள் நீள வெள்ளைக் குழாய் படுத்திருந்தது. அதில் வரிசையாக ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டையிலும் சல்லடை போன்ற குட்டிக் கப், அதில் செடி. கீழே ஒரு தொட்டியில் உரம் கலந்த தண்ணீர். ஒரு சின்ன பம்பு அதை மேலே ஏற்ற, தண்ணீர் குழாய்க்குள் வேர்களை நனைத்துக்கொண்டு மெல்ல ஓடி, திரும்பத் தொட்டியிலேயே விழும். நாள் முழுக்கக் களக் களக்கென்று சத்தம்.

“ஒழுகுற குழாய்க்கு ஆள் கூப்பிடுவாங்க. நீங்க ஒழுகவிட்டு அழகு பாக்குறீங்க” என்றாள் மனைவி. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். யாராவது தப்பாகப் பேசினால் வீட்டிலும் அவள் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடித் தரையை மிதிக்கும்.

கீரை வந்தது. புதினா வந்தது. ஆனால் பல்லுக்காரரின் செல்லப்பிள்ளை வெள்ளரிதான். அது வளர்ந்த வேகத்தைப் பார்த்து, பல் ஆய்வகத்தில் எல்லோருக்கும் சாலட் வாக்குக் கொடுத்துவிட்டார். பூக்கள் மஞ்சள் மஞ்சளாகப் பூத்தன. பூத்தன, உதிர்ந்தன. ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை.

காரணம் அவருக்குத் தெரிந்ததுதான். கண்ணாடிக்குள் தேனீ எப்படி வரும்? தேனீயின் வேலையைத் தானே ஏற்றுக்கொண்டார். மென்மையான பல் பிரஷ் ஒன்றை எடுத்து, ஆண் பூவில் தொட்டு, பெண் பூவில் தடவினார்.

“பூவுக்கும் பல் விளக்கிவிடுறீங்களா?”

“மகரந்தம் சேக்குறேன்டி.”

“கல்யாணம் பண்ணி வைக்கிறதுன்னா கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பொண்ணு மாப்பிள்ளை மூஞ்சிகிட்டயே நின்னா அதுங்களுக்குக் கூச்சமா இருக்காதா?”

இப்படி இவர் பூவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, கொடி இவரை நம்பாமல் தன் வழியைத் தானே தேடிக்கொண்டது. சரியாக மூடாத ஜன்னல் இடுக்கு வழியாக வெளியே தலையை நீட்டி, மழைநீர்க் குழாயைப் பற்றி ஏறி, மேல் வீட்டுப் பால்கனிக்குள் புகுந்துவிட்டது.

மேல் வீட்டில் பாட்டு டீச்சர் தனியாக இருந்தார். எல்லோருக்கும் அவர் அக்கா. தங்கமான மனுஷி, தொண்டை மட்டும் வெண்கலம். அவருடைய திறந்த பால்கனியில் ஒரு தொட்டி, தொட்டியில் ஒரு குச்சி. ஒரு காலத்தில் ரோஜாவாக இருந்ததாம். செத்து வெகுகாலம் ஆகியும், “உயிர் இருக்கு, எனக்குத் தெரியும்” என்று விடாப்பிடியாகத் தண்ணீர் ஊற்றிவந்தார். கொடி நேராகப் போய் அந்தக் குச்சியைத்தான் கட்டிப்பிடித்தது. அங்கே காற்று இருந்தது, வெயில் இருந்தது, தேனீயும் வந்தது. காய்த்துத் தள்ளியது.

பல்லுக்காரருக்கு இது தெரியவந்தது படிக்கட்டில். அக்கா மாடியிலிருந்து ஓடாத குறையாக இறங்கி வந்தார்.

“தம்பி! என் செடி பொழைச்சிருச்சு!”

“எந்தச் செடிக்கா?”

“அதான், எல்லாரும் குச்சி குச்சின்னு கேலி பண்ணுவீங்களே! ரோஜான்னு நெனச்சேன், வெள்ளரியாம்! இந்தாங்க, என் தோட்டத்து மொதக் காய்.”

அவர் கையில் வைத்தது குளிர்ந்த, முள்முள்ளான, இளம்பச்சை வெள்ளரி. தன் சொந்தக் குழந்தையை அடுத்த வீட்டுக்காரர் தனக்கே அறிமுகப்படுத்துவதுபோல இருந்தது பல்லுக்காரருக்கு. சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். வெள்ளரியைக் கடித்து வாயை அடைத்துக்கொண்டார். அருமையாக இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

வீட்டுக்கு வந்ததும் பொரிந்து தள்ளினார்.

“வேர் என்னுது, தண்ணி என்னுது, உரம் என்னுது! காய் மட்டும் அவங்களுதா?”

“போய்ச் சொல்ல வேண்டியதுதானே?”

“எப்படிடி சொல்றது? அப்படிச் சந்தோஷப்படுறாங்க.”

“அப்போ விட்டுடுங்க.”

“எப்படிடி விடுறது?”

மனைவி தரையை ஒரு மிதி மிதித்துவிட்டு உள்ளே போனாள்.

பேசாமல் கொடியைக் கீழே இழுத்துவிடலாமென்று பார்த்தார். இரண்டு முழம் இழுத்தார். மேலேயிருந்து யாரோ மூன்று முழம் இழுத்தார்கள். “ஐயோ, என் செடி கீழ விழப் பாக்குதே!” என்று அக்காவின் குரல் கேட்டது. அன்றே அக்கா அதைத் துணிக் கிளிப் போட்டுக் கம்பியோடு கட்டிவிட்டார்.

வேலைக்குப் போகும்போது ஒருநாள், அவருக்குள் இருந்த பொறுமைசாலி எங்கோ வெளியே போயிருந்த சமயம் பார்த்து, பம்பை நிறுத்திவிட்டுப் போனார். வெயில் கொளுத்திய நாள். சாயங்காலம் வந்து பார்த்தால், கொடி ஈரத்துணி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே அக்கா அழுகிறாரா பாடுகிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஓர் ஓசை வந்துகொண்டிருந்தது. செடிக்கு முன்னால் உட்கார்ந்து, உருகி உருகிப் பாடிக்கொண்டிருந்தார்.

“என்னங்க பண்ணினீங்க?” என்றாள் மனைவி.

“ஒண்ணும் பண்ணல.”

“பம்பு சத்தமே கேக்கல. எனக்கு என்ஜின் நின்னா தெரியாதா?”

அவருக்கே மனசு கேட்கவில்லை. ஓடிப்போய்ப் பம்பைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் இலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. மேலே பாட்டு உச்சத்தை எட்டியது. அதோடு ஓர் அலறல்: “பொழைச்சிருச்சு! என் பாட்டுக்குப் பொழைச்சிருச்சு!”

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது என்பது இதுதான். அதுவரை மாலையில் மட்டும் பாடிய அக்கா, செடிக்காக விடியற்காலையிலும் பாட ஆரம்பித்தார். மாணவிகளையும் வரவழைத்துச் சேர்ந்து பாடவைத்தார். செய்தி பரவியது. கீழ் வீட்டுத் தையல்காரர் காய்ந்துபோன தன் மணிபிளான்டைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார். இறங்கி வந்து, “முன்னைக்கு இப்ப தெளிவா இருக்கு” என்றார். பல்லுக்காரர் எட்டிப் பார்த்தார். அந்தச் செடி தெளிவாகச் செத்திருந்தது.

தூக்கம் கெட்டுப்போய், ஒரு கிழவருக்கு மேல் பல்லைக் கீழேயும் கீழ்ப் பல்லை மேலேயும் வைத்து அனுப்பினார் பல்லுக்காரர். நல்லவேளை, கிழவர் சிரித்துப் பார்த்த இடத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா படிக்கட்டிலேயே எல்லோரையும் உட்காரவைத்து, புதிதாய்ப் பறித்த வெள்ளரியை நறுக்கி, உப்புத் தூவிக் கொடுத்தார். எல்லோரும் ஆசையாக வாயில் போட்டார்கள். எல்லோர் முகமும் ஒரே நேரத்தில் கோணியது.

“கசக்குதே!” என்றார் தையல்காரர்.

“ஏன் கசக்குது? நான் ஒரு வேளைகூடப் பாட்டு நிறுத்தலையே!” அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

தெரிந்த விஷயத்தை யாராவது கேட்டால் பல்லுக்காரரால் சும்மா இருக்க முடியாது. “அது ஒண்ணுமில்லக்கா. பிஞ்சா இருக்கும்போது தண்ணி இல்லாமத் தவிச்சா காய் கசந்துபோகும்.”

“நான் தெனமும் ஊத்துறேனே?”

“நீங்க ஊத்துறது குச்சிக்கு. நான் அன்னிக்குப் பம்ப நிறுத்தினதால...”

மனைவியின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. வண்டி ஏற்கெனவே பள்ளத்தில் இறங்கியிருந்தது.

அக்கா எழுந்தார். நேராகப் பல்லுக்காரர் வீட்டுக்குள் போனார். படிக்கட்டே பின்னால் போனது. ஒரு கப்பைத் தூக்கிக் குழாய்க்குள் பார்த்தார். சாமியாரின் தாடிபோல வெள்ளை வெளேரென்று வேர்கள் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தன. கொடியைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு ஜன்னல் வரை போனார். மேலே பார்த்தார்.

“அப்போ என் பாட்டுக்குப் பொழைக்கல.”

“இல்லக்கா.”

“நீங்க நிறுத்தினதாலதான் வாடிச்சு.”

“ஆமாக்கா.”

“பச்சப் புள்ளைக்குச் சாப்பாட்ட நிறுத்துற மாதிரி! என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா நான் என்ன தின்னுடுவேனா உங்கள?”

பல்லுக்காரர் தலையைத் தொங்கப்போட்டார். மன்னிப்புக் கேட்டார். “என்கிட்ட எதுக்கு? அதுகிட்டக் கேளுங்க” என்றார் அக்கா. “சும்மா இல்ல, பாடிக் கேளுங்க.”

எவ்வளவோ மறுத்தார். மனைவி கையைக் கட்டிக்கொண்டு கதவை மறித்து நின்றாள். வேறு வழியில்லாமல், தண்ணீர்த் தொட்டிக்கு முன் மண்டியிட்டு, தொண்டையைச் செருமி, ஆ... என்று இழுத்தார். ஆய்வகத்தில் பல் தேய்க்கும் இயந்திரம் சூடேறினால் அப்படி ஒரு சத்தம் வரும். ஜன்னலோரம் இருந்த ஒரே பூ பொத்தென்று உதிர்ந்தது.

முதலில் சிரித்தது அக்காதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். “போதும் தம்பி, போதும்! நீங்க தண்ணியோட நிறுத்திக்குங்க.”

கொடி அங்கேயே இருக்கட்டும், காயில் பாதிப் பாதி என்று மனைவி தீர்ப்புச் சொன்னாள். விடியற்காலைப் பாட்டு நின்றது. அக்கா பால்கனிக்கும் ஒரு குழாய் போட்டுத் தருவதாகப் பல்லுக்காரர் ஒத்துக்கொண்டு, அடுத்த விடுமுறையன்று அளவு நாடாவோடு மாடியேறினார். அந்தக் குழாயில் தக்காளி வைத்ததிலிருந்து அக்கா நேரம் காலம் பார்க்காமல் போன் செய்கிறார்: “தம்பி, என் தக்காளி இன்னைக்கு ஒரு மாதிரி இருக்கு, கொஞ்சம் வந்து பாருங்களேன்.” பல்லுக்காரரும் கையில் பிரஷ்ஷோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.