மடித்துவிட்ட முனை

...இல்லை, வேறு யாராவது சுற்றியதாகவும் இருக்கலாம், டேப் சுற்றத் தெரிந்தவர் உலகத்தில் அவர் ஒருவர்தானா என்ன, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோகிறேன். காரின் முன்சீட்டில் காலும், கால் வைக்கிற இடத்தில் தலையுமாகக் கிடக்கிறேன், கழுத்து பிடித்துக்கொண்டுவிட்டது. ஹீட்டரில் காற்று வராமல் கண்ணாடியெல்லாம் பனிமூட்டி, இவர், என் வீட்டுக்காரர், துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டியது போதும் என்றுதான் நேற்று ஃபியூஸைப் பார்த்தேன், நன்றாக இருந்தது, காற்றைத் தள்ளுகிற ப்ளோயர் மோட்டாரின் சாக்கெட்டில் டெஸ்ட் லேம்ப் வைத்தேன், பளிச்சென்று எரிந்தது, மோட்டாரை ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டினேன், அரைச் சுற்று சுற்றி முனகிவிட்டு நின்றது. சரி, கரண்ட் வருகிறது, மோட்டார்தான் போய்விட்டது, புதிது வாங்கியாயிற்று. இன்று வசதியாகக் கை நுழையட்டுமே என்று க்ளவ் பாக்ஸைக் கழற்றினால்... இந்த ஒயர். விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ரெசிஸ்டருக்குப் போவது. கருகியதை வெட்டி, புதுத் துண்டு வைத்துச் சேர்த்து, மேலே கறுப்பு டேப், டேப்பின் முனை மட்டும் நாக்கு மாதிரி உள்பக்கமாக மடித்துவிடப்பட்டிருக்கிறது. பின்னால் பிரிக்கிறவன் நகத்தால் சுரண்டிக்கொண்டு கிடக்கக் கூடாது என்று அப்பா அப்படித்தான் மடிப்பார். அப்பாவின் கார் பட்டறையில் வேலை பார்த்தவர்கள்கூட அப்படி மடிக்க மாட்டார்கள், அவர்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

அப்பா இந்தக் காரைத் தொட்டதே இல்லையே... தொட்டிருக்க முடியாதே. அவர் வீட்டு வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்று நான் கிளம்பி வந்த பிறகுதான் இந்தக் காரையே வாங்கினோம். வாங்கும்போதே யாரோ செய்த வேலையோ? அதுவும் இல்லை, போன குளிர்காலத்தில் இதே க்ளவ் பாக்ஸைக் கழற்றி ஃபில்டர் மாற்றியது நான்தான், அப்போது இங்கே டேப்பே கிடையாது. அப்படியானால் அதற்குப் பிறகு. அப்படியானால் இவர்தான் அப்பாவிடம் கொண்டுபோயிருக்கிறார். இவர். அத்தனை சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பொண்டாட்டி சம்பளத்துல வயிறு வளக்கிறவன் என்று அப்பா சொன்னாரே, அதே இவர். அப்போது வேலை போய் வீட்டில் இருந்தார், கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது, தலையைக்கூட நிமிர்த்தவில்லை, நான்தான் எழுந்தேன், நான்தான் கத்தினேன், நான்தான் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அன்றைக்கு பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். அந்தக் கைக்காகத்தானே... அப்பாவின் போனை எடுக்காமல் விட்டேன், கண் ஆபரேஷன் என்று கேள்விப்பட்டும் போகாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், கடைத்தெருவுக்குப் பட்டறை வழியாகப் போனால் பக்கம், ஒரு நாள் தவறாமல் ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு போனேன். போன மாதம்கூட அப்படித்தான் சுற்றினேன், கேட் வேறு மூடிக்கிடந்தது, பக்கத்து சீட்டில் இவர் உட்கார்ந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை? சும்மா நேரா போ, உங்க அப்பாவும் நானும் பேசிக்கிட்டுதான் இருக்கோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா?

சனிக்கிழமை... சனிக்கிழமைதான். மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போகிறேன் என்று இவர் கிளம்பினால் மதியம் தாண்டித்தான் வருவார்கள். அப்படியென்றால் அவளுக்கும் தெரியும். அன்றைக்கு சமையலறைக் கதவின் கீல் ஆடுகிறது, ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டு வாடி என்றால், ஸ்டாரா மைனஸாம்மா என்று கேட்டாளே, ரத்தம் சும்மா விடுமா என்று நான் பெருமைப்பட்டு அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லிச் சிரித்தேனே... ரத்தமாவது மண்ணாவது, சனிக்கிழமை தோறும் பாடம் நடந்திருக்கிறது. எல்லோரும் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறார்கள். இவருக்காக நான் போட்ட சண்டையில் இவரே இல்லை, அப்பாவும் இல்லை, நான் மட்டும் வாளைத் தூக்கிக்கொண்டு தனியாக நின்றிருக்கிறேன். நேற்று வேறு, விடும்மா, கடையில குடுத்துக்கலாம், இந்தக் குளிர்ல உனக்கு எதுக்கு இந்த வேலை என்று எத்தனை தடவை சொன்னார், எவ்வளவு கரிசனம் என்று உருகினேன், இரண்டு தோசை கூடுதலாகவே வார்த்துப்போட்டேன்.

செருப்புச் சத்தம் கேட்டது, இவர்தான், கையில் டீ. என்ன மெக்கானிக்கம்மா, முடிஞ்சுதா என்றார். நான் தலையை வெளியே எடுக்காமலே, இந்த ஒயர் எப்பங்க கருகிச்சு என்றேன். டம்ளரைக் காரின் கூரைமேல் வைக்கிற சத்தம் கேட்டது. அது... மழைக்காலத்துல, ஒரு கடையில பாத்தாங்க என்றார். எந்தக் கடை? இங்கதான், பக்கத்துல. நல்லா சுத்தியிருக்காங்க டேப்பு என்றேன். ஆமா, நல்ல மனுஷன் என்றார், குரலில் அப்படி ஒரு பிரியம், அதை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. நல்ல மனுஷனாம். டீ ஆறிடும் என்றார், ஆறட்டும் என்றேன், உள்ளே போய்விட்டார், எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது போல.

ஸ்க்ரூக்களைக் கழற்றி பழைய மோட்டாரை இறக்கி, புதியதை ஏற்றி முடுக்கி, சாக்கெட்டை மாட்டி, சாவியைத் திருப்பினால் முதல் வேகம், இரண்டாவது, எல்லாம் ஓடுகிறது, முகத்தில் வெதுவெதுப்பாகக் காற்று அடிக்கிறது, கண்ணாடியில் பனி ஓரத்திலிருந்து விலகுகிறது, சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரம். பழைய மோட்டாரை மடியில் வைத்து விரலால் சுற்றிப் பார்க்கிறேன். நறநறவென்கிறது, தண்டு ஆடுகிறது, நேற்று இன்று வந்த ஆட்டம் இல்லை இது, மழைக்காலத்திலேயே இருந்திருக்கும்... இருந்திருக்கும்தான், இல்லாவிட்டால் ஒயர் ஏன் கருகப்போகிறது? மோட்டார் இறுகினால் கரண்டை அதிகமாக இழுக்கும், இழுத்தால் அந்த இடம்தான் வேகும், ஒயரை மட்டும் மாற்றி மோட்டாரை அப்படியே விட்டால் குளிர்காலத்துக்குள் நின்றுவிடும், இது எனக்கே தெரிகிறது. அப்பாவுக்குத் தெரியாதா? ஸ்விட்சைப் போட்டு ஒரு நிமிஷம் காது கொடுத்தாலே சொல்லிவிடுவாரே, சந்தேகம் இருக்கிற வண்டியைப் பட்டறையை விட்டு வெளியே அனுப்பாத மனுஷன், அதற்காக எத்தனை பேரோடு சண்டை... தெரிந்தேதான் விட்டிருக்கிறார். நிற்கட்டும், நின்றால் அவள்தான் திறப்பாள், திறந்தால் பார்ப்பாள் என்று விட்டிருக்கிறார். இவரும் மகளும் பேசிவைத்துக்கொண்டு செய்ததைவிட இது பெரிய கள்ளத்தனம், என்னை என்ன பொம்மை என்றா நினைத்தார், இப்போதே போய் நன்றாகக் கேட்கிறேன்... கேட்டால் அப்பா, மாட்டிக்கொண்டவர் மாதிரி, சிரிக்க வேண்டும். நான் ஏன் இவ்வளவு அவசரமாக அப்படித்தான் இருக்கும், கள்ளத்தனமாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டுகிறேன்? ஏனென்றால் அப்படி இல்லாவிட்டால், அந்த நறநறப்பு அப்பாவின் காதில் விழவில்லை என்று அர்த்தம், கண்ணைப் போலக் காதும் போக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.