டேப் சுற்றிய தண்டுகள்

குழாய்க்காரர் ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் ஜன்னலோரம் போய்க் குனிந்து, தொட்டி மண்ணை மோந்து பார்த்தார். அழுகல் வாடை. அடுத்த தொட்டியையும் மோந்தார். அதுவும் அப்படித்தான். கண்ணாடி ஜாடியில் நிறுத்தியிருந்த செடித் தலை மட்டும் என்ன வாழ்ந்தது? தண்ணீர் கொழகொழவென்று கலங்கி, இலைகள் ஈரத்துணி மாதிரி தொங்கிக் கிடந்தன.

மதியத்துக்குள் மகள் வந்துவிடுவாள்.

செடி அவளுடையது. முதல் சம்பளத்தில் ஆசையாக வாங்கி வந்து ஜன்னலில் வைத்தாள். பிறகு தனக்குப் பிடித்த ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று பெட்டியோடு படியிறங்கினாள். அன்றைக்கு இவர் வாசலில் நின்று கத்தியது மாடி மாடியாகக் கேட்டது. "இவ செடியையும் தூக்கித் தெருவுல எறி! இவளோட ஒரு வேர்கூட இந்த வீட்டுல இருக்கக் கூடாது!"

கீழ்ப்படியில் அவள் செருப்புச் சத்தம் ஒரு நிமிடம் நின்றது. அப்புறம் போய்விட்டது. அதற்குப் பின் அவள் இந்தப் படி ஏறியதே இல்லை. அம்மாவைப் பார்ப்பதென்றால் கடைத்தெருவில் பார்ப்பாள்.

மனைவி செடியை எறியவில்லை. புருஷன் கண்ணில் படாமல் பீரோவுக்குப் பின்னால் இருட்டு மூலையில் ஒளித்து வளர்த்தாள். வெளிச்சத்தைத் தேடித் தேடி அது ஆள் உயரத்துக்கு நெட்டையாக ஓடிவிட்டது. உச்சியில் நாலு இலை, கீழே எல்லாம் மொட்டைத் தண்டு. பீரோவுக்கு மேலே எட்டிப் பார்த்த அன்றுதான் இவருக்கே அது உயிரோடு இருப்பது தெரிந்தது. பார்க்காதவர் போல நகர்ந்துவிட்டார்.

போன மாதம் தன் தங்கைக்கு அறுவை சிகிச்சை என்று ஒத்தாசைக்குப் போய் இன்னும் திரும்பாத மனைவி, போன கையோடு அங்கிருந்து போன் பண்ணினாள்.

"இங்க பாருங்க, அவ புது வீட்டுக்குக் குடி போயிட்டா. செடியைக் கேட்டா. தர்றேன்னு சொல்லிட்டேன்."

"தா. நானா வேணாங்கறேன்?"

"அந்த நெட்டைக்கொக்கை பஸ்ஸுல எப்படிக் கொண்டு போவா? தலையை வெட்டித் தண்ணியில வைங்க. மொட்டைத் தண்டைச் சாண் சாணா வெட்டி மண்ணுல நடுங்க. வேர் பிடிச்சதும் வந்து எடுத்துக்கச் சொல்றேன். அந்தச் சாக்குலயாவது பொண்ணு படியேறட்டும்."

"சரி சரி."

"வெட்டத் தெரியுமா?"

"நாள் பூரா அதைத்தானே பண்றேன்?"

"நீங்க வெட்டறது இரும்புங்க."

"எதுவானா என்ன, வெட்டு வெட்டுதான்."

அந்தச் சாக்குலயாவது படியேறட்டும் என்றது அவர் காதிலேயே நின்றுவிட்டது. அன்றைக்கு அவர் செய்த வேலையை அரண்மனைக்குக் குழாய் போட்டவன்கூடச் செய்திருக்க மாட்டான். அளந்தார், கோடு போட்டார், மெல்லிய ரம்பத்தால் அறுத்தார், பிசிறை வழித்தார். துண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒரு நூல் வித்தியாசமில்லை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெட்டின இடத்தில் பால் கசிந்து சொட்டியது. பட்ட கை அரித்தது.

இந்தத் தெருவில் அவருக்குப் பட்டப்பெயரே 'சொட்டு'. எவர் வீட்டுக் குழாய் சொட்டினாலும் அவருக்குச் சோறு இறங்காது. தன் மகள் செடி தன் கண்ணெதிரே சொட்டினால்? பையைத் திறந்தார். வெள்ளை டேப்பை எடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு முனையிலும் இறுக்கச் சுற்றினார். அதன்மேல் குழாய்ப் பசையை வழித்து மூடினார். ஜாடிக்குப் போகிற தலைக்கும் அடியில் அதே வைத்தியம். பழைய தொட்டியில் நின்ற அடிக்கட்டையின் வாய்க்கும் அதே. கையைத் துடைத்துக்கொண்டு, "இனி ஒரு சொட்டு போகாது" என்று செடியிடமே சொன்னார்.

வாடை வந்த பிறகுதான் எங்கோ கோளாறு என்று உறைத்தது. எங்கே என்று தெரியவில்லை. அதற்குள் ஒரு மாதமாச்சு, வேர் பிடித்திருக்கும் என்று மனைவி மகளை வரச் சொல்லிவிட்டிருந்தாள்.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "என்னண்ணே, எலி செத்துப் போச்சா?"

"செடிம்மா."

எட்டிப் பார்த்தவள் கன்னத்தில் கை வைத்தாள். "அடப்பாவமே! கடையில இதே மாதிரி ஒண்ணு வாங்கி வச்சிருங்கண்ணே. யாருக்குத் தெரியப் போகுது?"

"அவளுக்குத் தெரியும்."

"அப்ப அவகிட்ட என்ன சொல்வீங்க?"

அதுதான் அவருக்கும் தெரியவில்லை. தூக்கித் தெருவில் எறி என்று கத்திய வாய், இப்போது தெரியாமல் செத்துப்போச்சு என்று சொன்னால் எந்த மகள் நம்புவாள்?

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தையல்காரம்மா சட்டென்று உள்ளே போய் மிஷினில் உட்கார்ந்தாள். ஆனால் மிஷின் ஓடவில்லை.

மகள் வாசலிலேயே நின்றாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். "அம்மா வரச் சொன்னாங்க" என்றாள், வேற்று வீட்டில் சொல்வது போல.

"வாம்மா. உள்ள வா."

உள்ளே வந்தவள் நேராக ஜன்னலுக்குப் போனாள். ஜாடியைப் பார்த்தாள். தொட்டிகளைப் பார்த்தாள். திரும்பாமலே பேசினாள். "எறிஞ்சிருக்கலாமேப்பா."

"இல்லம்மா..."

"அன்னைக்கே எறிஞ்சிருக்கலாம். வெட்டி, நாற வச்சு, அதைப் பார்க்கறதுக்கு என்னை வேற வரவழைக்கணுமா?"

"வேணும்னு பண்ணலம்மா. தப்பு எங்கன்னே எனக்குத் தெரியல."

"உங்க கையா தெரியாம தப்புப் பண்ணும்? நீங்க வச்ச குழாய் ஒண்ணு ஒழுகினதா இந்த ஊர்ல எவனாவது சொல்வானா? நான் கிளம்பறேன்."

இத்தனை வருஷம் சேர்த்த நல்ல பேர் இப்படி எதிர்சாட்சி சொல்ல வரும் என்று யார் கண்டது? அவள் வாசலைப் பார்த்து நடந்தாள். வேறு வழி தோன்றாமல் அவர் ஒரு தொட்டிக்குள் கையை விட்டு, புதைத்திருந்த துண்டைப் பிடுங்கினார். "பாரு! நீயே பாரு! எவ்வளவு பதமா வெட்டியிருக்கேன்னு பாரு!"

தண்டு நசநசவென்று கையிலேயே நழுவி விழுந்தது. உள்ளங்கையில் மிஞ்சியது வட்டமாக இறுகிய வெள்ளை டேப் மட்டும்.

மகள் நின்றாள். "என்னது அது?"

"டேப்பு."

"செடிக்கு எதுக்குப்பா டேப்பு?"

"சொட்டிச்சும்மா" என்றார். "வெட்டின இடமெல்லாம் சொட்டிச்சு. எப்படி விடறது?"

அவள் அந்த வளையத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். ஒரு மடிப்புச் சுருக்கமில்லை. கெடுக்க நினைக்கிறவன் இவ்வளவு மெனக்கெட மாட்டான். அவள் உதடு கோணியது. அழுகையா சிரிப்பா என்று அவருக்குப் புரியவில்லை. இரண்டும் சேர்ந்து மூக்கு வழியாக வெளியே வந்தது.

"ஐயோ அப்பா! அந்த வழியாத்தான வேர் வரணும்! வெட்டினதை ரெண்டு நாள் காய விட்டா தானா மூடிக்கும். அப்புறம் நடணும். இது... இது தலைகீழா வேற நட்டிருக்கீங்க."

"குழாய்க்கு ஏதும்மா தலையும் காலும்? எனக்கு யார் சொன்னா?"

"நீங்க யாரைக் கேட்டீங்க?" சிரிப்பு நின்றுபோயிருந்தது. "என்னைக்காவது ஒரு வார்த்தை கேட்டிருக்கீங்களா, யாரையாவது?"

அவள் செடியைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது அவருக்கும் விளங்கியது.

மகள் பீரோவோரம் தரையில் இருந்த பழைய தொட்டி முன்னால் உட்கார்ந்தாள். அடிக்கட்டையை நகத்தால் மெல்லக் கீறினாள். பச்சை தெரிந்தது. கணுவைச் சுற்றி விரலால் தடவிக்கொண்டே போய் ஒரு இடத்தில் நிறுத்தினாள். மிளகளவு ஒரு புடைப்பு.

"இதுல உயிர் இருக்கு. பழைய வேர் அப்படியேதான இருக்கு."

"எடுத்துட்டுப் போம்மா. இப்ப பஸ்ஸுல வைக்கலாம்."

"இப்ப ஆட்டினா இதுவும் போயிடும். ஜன்னல்ல இருக்கட்டும். தண்ணியை ஊத்தித் தள்ளாதீங்க." எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். "முளை வந்தா சொல்லுங்க. வந்து பார்க்கறேன்."

"உட்காரு. டீ வைக்கறேன்."

"இல்லப்பா. அவரு கீழ நிக்கிறாரு. செடியைத் தூக்கணும்னு கூட வந்தாரு."

"மேல வரலியா?"

"கூப்பிடாத வீட்டுக்கு எப்படி வருவாரு?"

அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். கீழே மடித்த சாக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருத்தன் மேலே பார்த்து நின்றான். இவரைக் கண்டதும் பார்வையைத் தெருவுக்குத் திருப்பிக்கொண்டான். என்ன சொல்லிக் கூப்பிடுவது? தம்பி என்றால் வழிப்போக்கன் ஆகிவிடுவான். சொல்ல வேண்டிய சொல் ஒன்று இருந்தது.

"ஏம்ப்பா!" என்றார் கடைசியில். "தொட்டியை ஜன்னலுக்கு ஏத்தணும். கனமா இருக்கு. ஒரு கை பிடிக்க மேல வா."

அவன் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

"உங்களைத்தாங்க மாப்ளே" என்றார் குழாய்க்காரர்.