எழுந்து நின்றவர்

"வீட்டுக்கு வந்தவங்களைப் பார்த்து எழுந்து நின்னா, அது பொய் சொன்ன மாதிரியாம்மா?"

மகள் இப்படிக் கேட்டபோது தையல்காரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் தவறித் தவறிப் போயிற்று. மேசையில் கிடந்த காப்பீட்டு நிறுவனத்தின் கடிதத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். பணிமனையின் இந்தக் கோடியில் அவர் பேசினால் அந்தக் கோடியில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். அதனால் கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர் ஹாரன். நரம்பில் வந்த நோய் அவருடைய கால்களை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டது. குரலை மட்டும் தொடவில்லை. எதையாவது பிடித்துக்கொண்டால் சிறிது நேரம் நிற்பார். அதற்கு மேல் கால் அவர் பேச்சைக் கேட்காது.

பணிமனை மேலாளர் வீடு தேடி வந்து சொல்லியிருந்தார். "ஹாரன், அறிவிப்பு அறை உனக்குத்தான். எந்த பஸ் எங்க நிக்குதுன்னு சொன்னா போதும். உனக்கு மைக்கே தேவையில்ல, ஆனா இருக்கட்டும், அரசாங்க சொத்து. ஒண்ணே ஒண்ணு, கேட்டுலேர்ந்து அறை வரைக்கும் நீயா வந்துடணும். அடுத்த மாசம் பொறந்துட்டா அந்த இடத்துக்கு வேற ஆளைப் போட்டுடுவாங்க. அப்புறம் என் கையில எதுவும் இல்லப்பா."

கேட்டுக்கும் அறைக்கும் நடுவே பேருந்துகள் திரும்புகிற பெரிய முற்றம். சக்கர நாற்காலி இருந்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

சம்பளத்தில் மாதம் தவறாமல் காப்பீட்டுக்குப் பிடித்திருந்தார்கள். பிடிக்கும்போது யாரும் வந்து அவருக்குக் கால் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. நாற்காலி கொடுக்க வேண்டி வந்ததும் பார்க்க ஆள் அனுப்பினார்கள்.

வந்தவர் இளைஞர். மடிப்புக் கலையாத சட்டை. வாசலில் அவரைக் கண்டதும் ஹாரன் ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்துவிட்டார்.

"வாங்க சார், வாங்க! உக்காருங்க!"

வீட்டுக்கு வந்தவர் உட்காரும் முன் தான் உட்காருவது அவர் வளர்ந்த வீட்டில் இல்லாத பழக்கம். வந்தவர் உட்காரும் வரை நின்றார். தையல்காரி தண்ணீர் கொண்டுவர உள்ளே போயிருந்தாள். இளைஞர் நாலு கேள்வி கேட்டார், தண்ணீர் குடித்தார், கிளம்பினார். வழியனுப்ப ஹாரன் மறுபடியும் எழுந்தார். வந்தவரின் செருப்புச் சத்தம் தெருமுனையில் ஓய்ந்ததும் ஜன்னலடியில் அப்படியே சரிந்தார். தாயும் மகளுமாகத் தூக்கி உட்கார வைத்தார்கள்.

'உறுப்பினர் பிறர் உதவியின்றி எழுந்து நின்று வரவேற்கிறார், வழியனுப்புகிறார். கோரப்படும் நாற்காலி வசதிக்கானதே அன்றி அவசியத்துக்கானதல்ல.' கடிதம் அவ்வளவுதான்.

கோபம் ஆகாது என்று பிரார்த்தனையோடு சேர்த்துக் கற்று வளர்ந்தவள் தையல்காரி. அன்று பிரார்த்தனை முடிந்தும் கோபம் போகவில்லை. போக வேண்டிய கோபமும் அல்ல அது. அதையும் கூட அழைத்துக்கொண்டே காப்பீட்டு அலுவலகம் போனாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கணினியைப் பார்த்தபடி கேட்டாள். "உங்க வீட்டுக்காரர் நின்னாரா இல்லையாம்மா?"

"நின்னாருங்க. உங்க ஆளு வந்தாரேன்னு நின்னாரு."

"நின்னாருன்னு நீங்களே சொல்றீங்களே."

"அப்புறம் விழுந்தாருங்க. அதையும் எழுதிக்குங்க."

"அவர் வந்துட்டுப் போனப்புறம் நடந்ததெல்லாம் இதுல ஏத்த முடியாதும்மா."

"அப்போ அவர் கண்ணு முன்னாடியே விழுந்திருக்கணுமா? மரியாதைன்னு ஒண்ணு உங்க கம்ப்யூட்டர்ல கிடையவே கிடையாதா?" தையல்காரியின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அடுத்த தடவை கால் மேல கால் போட்டு உக்காந்துக்கிட்டே, 'என்ன, வந்தியா'ன்னு கேக்கச் சொல்றேன். அப்பவாவது நம்புவீங்களா?"

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கண்ணாடிக்குள் இருந்தவளுக்கும் உதடு துடித்தது, அடக்கிக்கொண்டாள்.

"மேல்முறையீடு போடுங்கம்மா. மூணு மாசம், நாலு மாசம் ஆகும்."

"நாலு மாசத்துல அந்த வேலையில வேற ஒருத்தர் உக்காந்திருப்பாரு."

"அதுக்கு நான் என்னம்மா செய்ய முடியும்?"

அது ஒன்றுதான் அங்கே சொல்லப்பட்ட உண்மை. அந்தப் பெண்ணை நொந்து பயனில்லை. ஒரு மனிதரின் பண்பையே அவருக்கு எதிரான சாட்சியாக்கிய விதியை வேறெங்கோ ஏதோ ஒரு அறையில் யாரோ எழுதியிருந்தார்கள். அவர்கள் தங்கள் வீட்டுக்கு வருகிறவர்களை எப்படி வரவேற்பார்களோ!

சீருடை தைக்கக் கொடுக்க வந்த நர்ஸ்தான் ஒரு கிடங்கைப் பற்றிச் சொன்னாள். பிரார்த்தனைக் கூடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை. பழைய சக்கர நாற்காலிகளைச் சரிசெய்து சும்மா கொடுக்கிறார்களாம்.

ஹாரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இத்தனை வருஷம் கட்டினவன் கையேந்தணுமாக்கும்?"

"இது கையேந்தறது இல்லீங்க, வெக்கப்பட வேண்டியதும் நீங்க இல்ல. வாங்க, ஆட்டோ நிக்குது."

கொட்டகையில் சக்கரங்களும் சட்டங்களும் மலையாகக் கிடந்தன. இருக்கைத் துணி கிழிந்த நாற்காலிகள் ஒரு சுவரோரம் தனியாக நின்றன. ஹாரனை ஒரு பலகையில் உட்கார வைத்தார்கள். ஆட்டோக்காரர் வெளியே போனார். உள்ளிருந்து கையில் ஸ்பானரோடு ஒரு பெண் வந்தாள். கிரீஸ் அப்பிய கை, நரைத்த முடி.

ஹாரன் தூணைப் பிடித்து எழுந்துவிட்டார்.

"வணக்கம்மா!" கொட்டகைத் தகரமே அதிர்ந்தது.

அவர் விழுந்தால் தாங்கத் தையல்காரி பக்கத்தில் போனாள். போச்சு. இங்கேயும் போச்சு. நிற்கிறாரே, இவருக்கு எதற்கு நாற்காலி என்று இவளும் கேட்கப்போகிறாள்.

அந்தப் பெண் ஹாரனின் முழங்காலைப் பார்த்தாள். அது நடுங்கிக்கொண்டிருந்தது. ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, அவர் எதிரே எண்ணெய்க் கறை படிந்த தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"நான் உக்காந்துட்டேன் அண்ணா. இனிமே நீங்களும் உக்காரலாம்."

ஹாரன் உட்கார்ந்தார். தையல்காரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரோரத்து நாற்காலிகளைப் பார்ப்பவள்போலத் திரும்பிக்கொண்டாள்.

அந்தப் பெண் உட்கார்ந்தபடியே டேப்பை எடுத்து இடுப்பகலமும் காலின் நீளமும் அளந்தாள். "கையால தள்ளிக்கிற வண்டிதானே வேணும்? தோள் நல்லா இருக்கு. பஸ் ஓட்டின தோளா?"

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"குரலை வெச்சுத்தான். டிராஃபிக்ல கத்தின குரல் இது."

ஹாரன் சிரித்தார். பல வாரங்களுக்குப் பிறகு தையல்காரி கேட்ட சிரிப்பு.

நாற்காலியை ஆட்டோவில் ஏற்றும்போது அந்தப் பெண் தனியே சொன்னாள். "நாங்க குடுத்துட்டோம்னு அவங்களைச் சும்மா விட்டுடாதீங்கம்மா. மேல்முறையீட்டைப் போடுங்க. இந்தக் கொட்டகையில கூட்டம் சேருதுன்னா, அங்க எவனோ தன் வேலையைச் செய்யலன்னு அர்த்தம்."

"உங்களுக்கு நான் என்ன செய்யட்டும்?"

"ஒண்ணும் வேணாம். தேவை தீர்ந்தப்புறம் வண்டியைத் திருப்பிக் குடுத்தா போதும்."

"அந்த ஓரத்துல இருக்கறதெல்லாம் ஏன் அப்படியே நிக்குது?"

"சீட்டு கிழிஞ்சது. தடித்துணி தைக்க ஆள் இல்ல. வர்றப்போ வரட்டும்."

மாதம் பிறக்கும் முன்பே ஹாரன் முற்றத்தைக் கடந்தார். பேருந்துகள் நின்று வழிவிட்டன. ஓட்டுநர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் ஹாரன் அடித்தார்கள். மேல்முறையீட்டுக்குப் பதில் இன்னும் வரவில்லை. அவள் விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

அன்று மாலை மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னாள். "அப்பா செஞ்சது பொய் இல்லடா கண்ணு. அதைப் பார்த்து எழுதினாங்களே, அதுதான் பொய்."

அடுத்த வழிபாட்டு நாள். எல்லோரும் கூடத்துக்குள் பாடிக்கொண்டிருந்தார்கள். தையல்காரி பின்பக்கமாக வந்தாள். பூட்டியிருந்த கொட்டகையின் கதவடியில் ஒரு மூட்டையை வைத்தாள். உள்ளே தடித்துணியில் இரட்டைத் தையல் போட்ட இருக்கைகள், அன்று அந்தச் சுவரோரம் கண்ணால் அளந்த அளவில். கடைப்பெயர் அச்சிட்ட பையை வேண்டுமென்றே வீட்டிலேயே விட்டு வந்திருந்தாள். மழை வந்தால் நனையாமலிருக்க மூட்டையைச் சுவரோடு ஒட்டித் தள்ளினாள்.

பிறகு முன்பக்கம் சுற்றி வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாட்டின் மிச்சத்தைத் தானும் பாடினாள்.