இரண்டரை மீட்டர்

தன் நிலம் எங்கே தொடங்குகிறது என்று யெலிசவேதாவுக்கே தெரியவில்லை. செர்பியாவின் நோவி சாத் நகரிலிருந்து ஐந்து மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்த பல் டாக்டர் அவள். நகரத்துச் செருப்போடு ஓடைக்குள் இறங்கி, பாசி படிந்த கற்களில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த நில வரைபடம் ஈரத்தில் ஊறி மடிப்போடு கிழிந்துவிட்டது. நிலத்தை வாங்க நினைக்கும் உள்ளூர்க்காரி ஸகோர்கா முன்னால் போய், அவ்வப்போது நின்று கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். மேலே போக வேறு வழி கிடையாது. தார்ச்சாலைக்கும் அந்த நிலத்துக்கும் நடுவே பக்கத்து நிலத்துக்காரர் ஒப்ராட்டின் பிளம்ஸ் தோப்பு கிடந்தது. தோப்பின் கேட்டில் சங்கிலியும் பூட்டும் தொங்கின.

கரையேறியதும் டாக்டர் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள்.

"இதுவா?"

"அந்த வால்நட் மரம் வரைக்கும் உங்களுதுதான் டாக்டரம்மா."

"பெரியப்பா எப்படித்தான் இங்க வந்து போனாரோ."

"இதே ஓடையிலதான். கடைசி இருபத்தாறு வருஷமும்."

டாக்டர் செருப்பைக் கழற்றித் தண்ணீரை வடித்தாள். பெரியப்பா ஸ்ரேதெனுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் போனபின் நிலம் இவளுக்கு வந்தது. வந்த நாளிலிருந்து வரி கட்டியதைத் தவிர அவளுக்கும் இந்த மண்ணுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பெல்கிரேடிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார் என்றாள். மரத்தால் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு வார விடுமுறைக்கு வந்து போவாராம், ஓடை வழியாக நடந்து வருவதுதான் அழகு என்கிறாராம். "நீங்க உள்ளூர். உங்களுக்குக் குடுக்கணும்னுதான் எனக்கும் ஆசை. வர்ற வியாழக்கிழமை வரைக்கும் பாக்கறேன்" என்றாள்.

ஸகோர்கா தலையாட்டினாள். அவள் கண் மண்ணிலேயே இருந்தது. பத்தொன்பது வருடங்களாக இவானித்சா டவுனின் குளிர்பதனக் கிடங்கில், ஓடும் கன்வேயர் பட்டையின் முன்னால் நின்று மற்றவர்களின் ராஸ்பெர்ரியைத் தரம் பிரித்தவள். கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போகும் குளிரில், பழத்தைப் பார்த்தே இது எந்தச் சரிவில் விளைந்தது, காலை வெயில் பட்டதா மாலை வெயில் பட்டதா என்று சொல்லிவிடுவாள். இந்தச் சரிவு கிழக்கே பார்த்தது. பனி தங்காமல் கீழே வழிந்து போகும். மண் கறுப்பாக, கையில் பிடித்தால் உதிர்வதாக இருந்தது. வழி இல்லாததால் மட்டுமே அதன் விலை அவள் கைக்கு எட்டும் உயரத்தில் நின்றது. ஆனால் ராஸ்பெர்ரி காத்திருக்கிற பழமல்ல. பறித்து இரண்டு மணி நேரத்துக்குள் குளிருக்குள் போக வேண்டும். முதுகில் சுமந்து ஓடையில் இறக்கினால் கிடங்குக்கு வந்து சேர்வது பழமாக இருக்காது, கூழாக இருக்கும். வண்டி வந்து போக ஒரு பாதை வேண்டும். அந்தப் பாதை ஒப்ராட்டின் மனதுக்குள் பூட்டிக் கிடந்தது.

டவுனில் இருந்த வக்கீல் ஏற்கெனவே சொல்லியிருந்தார். கேஸ் போட்டால் ஜெயிக்கலாம், ஆனால் மூன்று நான்கு வருடம் இழுக்கும். கேஸில் ஜெயித்து வாங்கிய பாதையில் தினமும் காலையில் ஒப்ராட்டின் முகத்தைத் தாண்டிப் போவதை ஸகோர்கா நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு வருடமும் முப்பது நாள் அறுவடை, அந்த முப்பது நாளும் அந்த முகம்.

டாக்டர் காருக்குத் திரும்பியபின் அவள் மறுபடி மேலே ஏறினாள். வால்நட் மரத்துக்கு அடியில் ஒரு ஊற்று இருந்தது. தட்டையான கல்லைப் புரட்டியபோது உள்ளே சிமெண்ட் தொட்டியும், அதிலிருந்து கிளம்பிக் கீழ்நோக்கி மண்ணுக்குள் போகும் கறுப்புக் குழாயும் தெரிந்தன. சரிவை ஒட்டிப் பார்வையை இறக்கிக்கொண்டே வந்தாள். குழாய் போகும் திசையில் இருந்தது ஒரே ஒரு வீடு. ஒப்ராட்டின் வீடு.

அதைக் கேட்டதும் வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இத மொதல்லயே சொல்லக்கூடாதா? அந்தத் தண்ணிக்கு எழுத்துல ஒண்ணும் இருக்காது. தண்ணி வேணும்னா வழி விடுன்னு சொல்லுங்க. ஒரே நாள்ல முடிஞ்சிடும்."

ஒப்ராட்டின் வீட்டில் அவர் மனைவி மிலுன்கா காபியும், ஒரு சின்னக் கிளாஸில் பிளம்ஸ் சாராயமும் கொண்டு வந்து வைத்தாள். ஒப்ராட் எழுபதைத் தாண்டியவர். தொப்பியைக் கழற்றாமல் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, ஸகோர்கா சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். மூன்று மீட்டர் அகலம், தோப்பின் ஓரமாக, கொடுப்பதற்கு நியாயமான தொகை, சேறாகாமல் கல் கொட்டுவது தன் பொறுப்பு. முடித்தபோது அவர் ஜன்னலுக்கு வெளியே கை காட்டினார். வெளியே ஈரமான கறுப்புக் கிளைகளோடு மரங்கள் வரிசை வரிசையாக நின்றன.

"அந்த ஸ்ரேதென் ஒரு நாள் புல்டோசர் கொண்டாந்தான். மரம் இழுக்கணுமாம். கேக்கல, கொள்ளல. நான் சந்தைக்குப் போயிருந்தேன். வந்து பாத்தா ஆறு கன்னு முறிஞ்சு கெடக்கு. மூணு வருஷக் கன்னு. என்னடா இதுன்னா, பிளம்ஸ் தானே, திரும்ப வெச்சுக்கோன்னு சிரிக்கறான். அன்னைக்குப் போட்ட பூட்டும்மா அது."

"அது ஸ்ரேதென் செஞ்சது மாமா. நான் கேட்டுக்கிட்டுத்தானே வந்திருக்கேன்."

"இன்னைக்கு நீ கேக்கற. நாளைக்கு உங்கிட்ட வாங்கறவன்? ஒரு தரம் எழுதிட்டா எழுதினதுதான்."

மறுபடி கேட்டாள். மறுபடி இல்லை என்றார். மூன்றாவது முறை அவர் மறுப்பாகத் தலையை மட்டும் ஆட்டினார். அப்போதுதான், வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் ஸகோர்காவின் வாயிலிருந்து வெளியே வந்தது.

"ஊத்து நான் வாங்கப்போற நெலத்துல இருக்கு மாமா. குழாய் எங்க போகுதுன்னு பாத்தேன். நாளைக்கு நான் அத மூடினா?"

கரண்டியால் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்த மிலுன்காவின் கை நின்றது. ஒப்ராட்டுக்குக் கோபம் வரும் என்று ஸகோர்கா எதிர்பார்த்திருந்தாள். அதற்குத் தயாராகவும் இருந்தாள். கோபம் வரவில்லை. அவர் முகம் மெல்லத் தளர்ந்து, திடீரென்று வயதானவரின் முகமாயிற்று.

"அவனும் நானும் சேந்து போட்ட குழாய் அது. நான் தோண்டினேன், அவன் போட்டான். அப்புறம் இருபத்தாறு வருஷம் மூஞ்சி குடுத்துப் பேசல. அவன் அம்மா சாவுக்கு நான் போகல, என் மக கல்யாணத்துக்கு அவன் வரல." காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "ஆனா ஒரு நாள்கூட அவன் குழாய்ல கை வைக்கல."

எழுந்து வெளியே போய்விட்டார். கதவை அறைந்து சாத்தவில்லை. ஸகோர்கா அந்த நாற்காலியில், தன் வாயிலிருந்து வந்த சொல்லோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பிடிக்காத ஒருத்தி அதைச் சொன்னது போல இருந்தது.

"காபி ஆறிப்போச்சு. வேற போடட்டுமா?" என்றாள் மிலுன்கா. உட்காரச் சொல்கிறாளா, கிளம்பச் சொல்கிறாளா என்று ஸகோர்காவுக்குப் புரியவில்லை. கிளம்பினாள்.

ஸகோர்காவின் கணவன் மிலோயே அன்று மாலை ரொட்டி விநியோகம் முடித்து வேனை நிறுத்திவிட்டு வந்து, நடந்ததைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"வக்கீல் உன் காதுல சொன்னத நீ அப்படியே அவர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டியா? அதுக்குத்தான் வக்கீல் காசு வாங்கறான். அவனே போய்ச் சொல்லியிருப்பான்ல."

"தண்ணிய எழுதிக் குடுக்கப் போறேன்."

"யாருக்கு?"

"ஒப்ராட் மாமாவுக்கு. வழி குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி."

அவன் சூப்பில் முக்கிய ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோகாமல் கையிலேயே பிடித்திருந்தான். "வழியில்லாத நெலத்த வாங்கி, அதுல இருக்கற தண்ணியையும் எழுதிக் குடுக்கறியா? உன்ன மாதிரி ஆளத்தான் டாக்டரம்மா தேடிக்கிட்டு இருந்திருக்கு."

அவள் சிரிக்கவில்லை. பாத்திரங்களைக் கழுவி வைத்தபின், "வண்டி போகாட்டி கோவேறு கழுதை வாங்கிக்கலாம். ரொட்டிக்கும் ஆகும்" என்று மட்டும் சொன்னான். அவன் ஒத்துக்கொண்டான் என்று அதற்குப் பொருள்.

மறுநாள் அவள் போனபோது ஒப்ராட் ஏணிமேல் நின்று மரத்தைக் கவாத்து செய்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்தும் இறங்கவில்லை. அதனால் அவள் சொல்ல வேண்டியதையெல்லாம், மண் ஒட்டிய அவருடைய ரப்பர் பூட்ஸைப் பார்த்துச் சொன்னாள்.

"நேத்து நான் சொன்னது தப்பு மாமா. அந்தச் சொல்லத் திரும்ப வாங்கிக்கறேன். தண்ணி உங்களுதுன்னு பத்திரத்துலயே எழுதிடறேன். உங்களுக்கும், உங்களுக்கு அப்புறம் இந்த வீட்ல இருக்கறவங்களுக்கும்."

கத்தரிக்கோல் சத்தம் நின்றது. ஒரு குச்சி அவள் தோளில் விழுந்தது.

"எழுதித் தரச் சொல்லி யார் கேட்டா?"

"யாரும் கேக்கல."

"பதிலுக்கு என்ன வேணும்?"

"மூணு மீட்டர் வேணும். ஆனா இதுக்குப் பதிலா இல்ல."

கத்தரிக்கோல் மறுபடி ஓடத் தொடங்கியது. இன்னும் இரண்டு குச்சிகள் விழுந்தன. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவள் ஓடை வழியாகத் திரும்பினாள்.

வியாழக்கிழமை பத்திர அலுவலகத்தில், முடியை இறுகக் கட்டிய இளம் பெண் அதிகாரி வரைவைச் சத்தமாக வாசித்தாள். ஊற்றைப் பற்றிய வரி வந்ததும் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தாள். "இந்தத் தண்ணி உரிமைய யாருக்காக எழுதறீங்க? அவர் வந்திருக்காரா?" வரவில்லை என்றாள் ஸகோர்கா. "அவர் கையெழுத்து போட்டாத்தான் பதிவுல ஏறும். வாக்குறுதியா எழுதி வைக்கலாம், எப்ப வேணா வந்து போடட்டும்." டாக்டர் யெலிசவேதா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸகோர்காவின் கண் இரண்டு முறை கதவுக்குப் போய் வந்தது. நடைபாதையில் யாரோ செருப்பைத் தேய்த்து நடந்தபோது மூன்றாம் முறையும் போனது. வந்தது வேறு யாரோ. அவள் குனிந்து கையெழுத்திட்டாள். பத்தொன்பது வருடக் குளிர் முழுதும் அந்தப் பேனா முனையில் இருந்தது.

டாக்டர் அவளைக் கட்டிக்கொண்டு மூன்று முறை கன்னத்தில் முத்தமிட்டாள். "பெரியப்பாவுக்குச் சந்தோஷமா இருக்கும்" என்றாள். இருக்குமா என்று இருவருக்குமே தெரியாது.

பத்திரத்தின் நகல் ஒன்றை ஸகோர்கா மிலுன்காவின் கையில் கொடுத்தாள். மிலுன்கா மூக்குக்கண்ணாடி இல்லாமல் அதைத் தூரத்தில் பிடித்து, உதடு அசைய வாசித்தாள். பிறகு நான்காக மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டாள். "அவர் படிக்கமாட்டார். நான் சத்தமா படிச்சுக் காட்டறேன். பக்கத்து ரூம்ல இருந்தா காது கேக்கத்தானே செய்யும்" என்றாள்.

வெள்ளி போயிற்று, சனி போயிற்று. சனிக்கிழமை முழுதும் ஸகோர்காவும் மிலோயேயும் முதுகில் இரும்புக் கம்பிச் சுருளும் கருவேலங் குத்துக்கால்களும் சுமந்து ஓடையில் ஏறினார்கள். எட்டு நடையில் இருபத்துநான்கு குத்துக்கால். ராஸ்பெர்ரி வரிசைகளைக் கட்டி நிறுத்த இருநூறு வேண்டும். மிலோயே கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க விசில் அடித்துக்கொண்டிருந்தான். தோப்புக்குள் ஏணி இடம் மாறி இடம் மாறி நின்றது. ஒப்ராட் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்று மிலோயே சொன்னான். பார்த்தார் என்று ஸகோர்கா சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மிலுன்கா ஸகோர்காவின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"வேன எடுத்துக்கிட்டு வரச் சொன்னார்."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கேட் அகலத் திறந்து கிடந்தது. உள்ளே, வேலிக்கும் முதல் வரிசை மரங்களுக்கும் நடுவே, குச்சிகள் நட்டு இரண்டு பக்கமும் கயிறு கட்டியிருந்தது. ஒப்ராட் கயிற்றின் நடுவே நின்று வேனைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

"இது எத்தன அகலம்?"

"கண்ணாடிய மடக்கினா ரெண்டு மீட்டர் பத்து" என்றான் மிலோயே.

"நான் ரெண்டர விட்டிருக்கேன்."

"மூணு கேட்டிருந்தேன் மாமா" என்றாள் ஸகோர்கா. சொன்னபின்தான் தன் துணிச்சல் அவளுக்கே தெரிந்தது.

"மூணுன்னா இந்த வரிச போயிடும். இதுல அந்த ஆறு மரமும் இருக்கு. திரும்ப வெச்ச ஆறு. ரெண்டர. அதுல போகுதான்னு மொதல்ல பாக்கலாம். போச்சுன்னா மத்தது அப்புறம்."

"மத்ததுன்னா?"

அவர் குனிந்து ஒரு குச்சியை அழுத்தி நட்டார். மிலுன்காதான் வேலியோரத்திலிருந்து சொன்னாள்: "நாளைக்குத் திங்கக்கெழம. பத்திர ஆபீஸ் எட்டு மணிக்குத் தெறக்கும்னு விசாரிச்சுட்டார். யார்கிட்ட விசாரிச்சார்னு கேக்காத, சொல்லமாட்டார்."

மிலோயே கண்ணாடிகளை மடக்கினான். வேன் உறுமி முதல் கியரில் நகர்ந்தது. ஒப்ராட் அதற்கு முன்னால், முகத்தை வண்டிக்குக் காட்டி, பின்னால் பின்னால் நடந்தார். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே வைத்து விரல்களை அசைத்து, வா, வா, இடது, இன்னும் இடது, நில், இப்போது வா என்றார். ஈரமண்ணில் டயர் ஒரு முறை சுழன்று பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம் வேலி ஒரு சாண், மறுபக்கம் மரப்பட்டை ஒரு சாண். ஸகோர்கா வண்டிக்குப் பின்னால் நடந்தாள்.

பாதி தூரத்தில் ஒப்ராட் இரண்டு உள்ளங்கைகளையும் காட்டி நிறுத்தினார். ஒரு கிளை, வேனின் கூரைக்குக் கொஞ்சம் கீழே, குறுக்காக நீண்டிருந்தது. அதன் நுனியெல்லாம் மொட்டுகள் வெளுத்திருந்தன, இன்னும் நான்கு நாளில் வெடித்துவிடும். அவர் இடுப்பிலிருந்த சிறு ரம்பத்தைத் தொட்டார். கிளையைப் பார்த்தார். வண்டிக்குள் மிலோயே ஸ்டியரிங்மேல் சாய்ந்து காத்திருந்தான்.

ஒப்ராட் ரம்பத்தை எடுக்கவில்லை. வேலிக்கம்பியில் ஒரு காலை ஊன்றி ஏறி, கிளையின் அடியில் இரண்டு கைகளையும் கொடுத்து, குழந்தையைத் தூக்குவது போல மெல்ல மேலே தூக்கிப் பிடித்தார். தொப்பி கழன்று விழுந்தது. அதைப் பற்றிக் கவலைப்படாமல் தலையை மட்டும் அசைத்தார்.

வேன் அவருடைய கைகளுக்கு அடியில், அங்குலம் அங்குலமாக, மேலே போய்க்கொண்டிருந்தது.