சித்தாலிக்கு நான் சிரிக்கக் கற்றுக்கொடுத்தது

1

இந்தக் கதையை ஒரு மதிப்பெண் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தில் கையெழுத்துப் போட மனம் வராமல்தான் தாளைத் திருப்பினேன். வெள்ளிக்கிழமைக்குள் போடாவிட்டால் என்னிடம் பயிற்சி பெறும் சித்தாலிக்கு ஆசிரியர் வேலை இல்லை. இரண்டு தடவைக்கு மேல் வாய்ப்புக் கிடையாது.

மொங்கு ஊர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பத்தொன்பது வருடமாக நான் வாத்தியார்களுக்கு வாத்தியார். நல்லாசிரியரின் குணத்தையும் கற்றுக்கொடுக்கலாம் என்று சாதித்தவன். தாளில் 'குணம்: இருபது' என்று சேர்த்தவனும் நானே. புன்னகைக்கு ஐந்து, பெயர் சொல்லி அழைத்தால் ஐந்து, பிள்ளையின் கண்மட்டத்துக்குக் குனிந்தால் ஐந்து, நேரம் தவறாமைக்கு ஐந்து.

2

வெள்ளச் சமவெளியின்மேல் சூரியன் மெல்ல... (வேண்டாம். சூரியனுக்கு இதில் என்ன வேலை?)

சித்தாலி சிரிக்கவே மாட்டான். முதல் தடவை அவன் பாடம் நடத்தியபோது கடைசி பெஞ்சில் இருந்தேன். பின்னக் கணக்கு முடியும் நேரத்தில், தினமும் வெள்ளத்தில் படகேறி வரும் சிறுமி இனோங்கே பாவாடை நனைய வந்து நின்றாள். சித்தாலி உம்மென்று பார்த்தான். கரும்பலகையை அழித்துவிட்டு முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினான். வகுப்பு முனகியது.

"அவ தண்ணியோட மல்லுக்கட்டி வந்திருக்கா. இன்னொரு தடவ கேட்டா உங்க காது தேஞ்சிடுமா?"

குணத்துக்கு மூன்று மதிப்பெண் போட்டேன். தோற்றான்.

3

ஆறு வாரம் அவனைக் கண்ணாடி முன் நிறுத்திச் சிரிக்கப் பழக்கினேன். சிரித்தால் சொல்ல வந்தது மறந்துபோகிறது என்றான். பழகப் பழக வரும் என்றேன். (இந்த இடத்தில் என்னை நல்லவனாக மாற்றி எழுதிப் பார்த்தேன். கதை நகர மாட்டேன் என்றது.)

[ஓரக்குறிப்பு: எங்கள் லோசி இனப் பிள்ளைகள் பெரியவர்களுக்குக் குந்திக் கைதட்டித்தான் வணக்கம் சொல்வார்கள். பெரியவர் குனிந்தால் பிள்ளை இன்னும் தாழ வேண்டும். சித்தாலி குனியக் குனிய அவர்கள் தரையில் படுக்காத குறை. நானும் அப்படி வளர்ந்தவன்தான். 'குனிந்தால் ஐந்து' என்று எழுதும்போது புத்தி எங்கே போயிற்றோ.]

4

போன செவ்வாய், இரண்டாம் தடவை. இனோங்கே அன்றும் தாமதம். சித்தாலி சிரித்தான், பெயர் சொன்னான், குனிந்தான். கடிகாரத்தைப் பார்த்தான். விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தான்.

இருபதுக்கு இருபது. அவள் நோட்டில் ஒரு வரிகூட இல்லை.

வகுப்பு விட்டதும் என் முன்னால் குந்திக் கைதட்டினாள்.

"சார், அந்தப் பழைய சார் எப்ப வருவாரு?"

"இவர்தாம்மா அவரு."

வாசலில் நின்றவனைத் திரும்பிப் பார்த்தாள். "இல்ல சார். அவரு எனக்காக முதல்லேர்ந்து சொல்லுவாரு."

அவனுக்குக் கேட்டது. ஆனாலும் சிரிப்பை விடவில்லை. தாள் இன்னும் என் கையில்தானே இருந்தது.

5

முடிவு ஒன்று: கையெழுத்துப் போடுகிறேன். இன்னும் முப்பது வருடம் பிள்ளைகளுக்கு அந்தச் சிரிப்பு கிடைக்கும்.

முடிவு இரண்டு: தாளைக் கிழிக்கிறேன். நான் கெடுத்ததற்கு அவன் ஏன்...

மூன்றாவது முடிவை நேற்று செய்தே பார்த்தேன். அவன் அறைக்குப் போய், நான் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் மறந்துவிடு என்றேன்.

"அதையும் நீங்களே சொல்லிக்குடுங்க சார்," என்றான், சிரித்துக்கொண்டே.

மறக்கக் கற்றுக்கொடுக்க எனக்குத் தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

தாளைத் திருப்புங்கள். கையெழுத்துப் போடும் இடம் கீழே, வலப்பக்கம்.