கேஷியருக்கு மட்டும்

எங்கள் தெருமுனை சோபாக் கடையில் இதுவரை என்ன வாங்கியிருக்கிறேன் என்று கேட்காதீர்கள். உட்கார்ந்து பார்க்க யாரும் காசு கேட்பதில்லை, அதனால் அடிக்கடி போவேன். அங்கே எந்தச் சோபாவிலும் உட்காராத ஒரே ஆள் கேஷியர்தான். பிறவியிலேயே மூளை முடக்குவாதம். கால்கள் இரண்டும் முறுக்கிக்கொள்ளும், வாக்கரைத் தள்ளிக்கொண்டுதான் நடப்பார். கணக்கில் புலி. வாய் அதைவிடப் புலி.

"என்ன பெரியம்மா, இன்னைக்கு எந்தச் சோபாவைச் சூடேத்தப் போறீங்க?" என்பார்.

முதலாளி கடையைப் புதுப்பித்தபோதுதான் வந்தது வினை. கல்லாவுக்குப் பின்னால் இருந்த கழிவறையில் மெத்தைப் பஞ்சை அடைத்துவிட்டு, மாடியில் பளபளவென்று புதிதாக ஒன்று கட்டினார். எல்லோரும் படியேறிப் போய்ப் பார்த்துப் புகழ்ந்தோம். "அமர்க்களமா இருக்கு முதலாளி" என்றார் கேஷியரும், கீழே இருந்தபடியே.

அன்றிலிருந்து அவர் மேஜையில் டீ ஆடை கட்டிக் கிடந்தது. தண்ணீர் பாட்டில் சாயங்காலம்வரை தளும்பத் தளும்ப நின்றது. என் கண்ணுக்குத் தப்புமா? அவருடைய அக்காவை மடக்கினேன்.

"காலை முறுக்குற அதே வியாதிதான் பெரியம்மா மூத்திரப் பையையும் முறுக்குது. வந்தா ஒரு நிமிஷம் தாங்காது. அவன் எப்ப மாடி ஏறி முடிக்க? அதான் குடிக்கிறதையே விட்டுட்டான். யாருக்கும் தெரியக் கூடாதுங்கிறான். நீங்களும் வாயைத் திறந்துடாதீங்க."

நம்பமாட்டீர்கள், நான் திறக்கவில்லை.

காய்ச்சல்தான் காட்டிக்கொடுத்தது. கல்லாவிலேயே நடுங்கிச் சாய்ந்தார். சிறுநீரில் கிருமி, சிறுநீரகம்வரை ஏறிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். முதலாளி துளைத்தெடுக்க, அக்கா அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

முதலாளி தங்கமான மனுஷன். தொண்டை மட்டும் ஒலிபெருக்கி. பஞ்சை வெளியே எடுத்தார், சுவரில் கைப்பிடிக் கம்பி வைத்தார், கதவில் பலகையும் மாட்டினார். 'கேஷியருக்கு மட்டும்.' எழுத்து சிவப்பில்.

கேஷியர் திரும்பி வந்தார். வாக்கரில் கை வைத்தால் போதும், "வழி விடுங்க, கேஷியர் போறாரு" என்று முதலாளியின் குரல் எழும்பும். சோபா பார்க்க வந்தவர்கள்கூட எழுந்து ஒதுங்குவார்கள், மந்திரி போவது மாதிரி. கதவு சாத்தியதும் கடையே கப்சிப். எல்லாம் கரிசனம்தான். அவர் வெகுநேரம் கழித்து வெளியே வருவார்.

"அத்தனை பேர் காதும் கதவுல இருக்கும்போது எப்படிக்கா வரும்?" என்றாராம் வீட்டில்.

அக்கா முதலாளியிடம் போய்க் கெஞ்சினாள். "அந்தப் பலகையை மட்டும் எடுத்துடுங்கண்ணே."

"எடுத்தா கண்டவனும் உள்ளே போவான்மா. அவசரத்துக்குத் தம்பி எங்கே போவான்?"

அதுவும் நியாயம்தான்.

டீ மறுபடி ஆடை கட்டியது. இரண்டாவது காய்ச்சலுக்குப் பிறகு அவர் வரவில்லை, கல்லாச் சாவியை அக்காவிடம் கொடுத்தனுப்பிவிட்டார். இப்போது அங்கே புது கேஷியர், படிகளைத் தாவி ஏறுகிறவன். பலகை இன்னும் தொங்குகிறது. உள்ளே பழையபடி பஞ்சு.

போன வாரம் பழைய கேஷியரை வீட்டில் பார்க்கப் போனேன். முகம் தெளிந்திருந்தது, பக்கத்தில் காலி டம்ளர். "இப்ப வேளாவேளைக்குத் தண்ணி குடிக்கிறான். கிருமியே இல்லைன்னுட்டாரு டாக்டர்" என்றாள் அக்கா.

"கடையில புதுசா என்ன வந்திருக்கு?" என்று கேட்டார் அவர்.

நீலத்தில் ஒன்று, மூலையில் போடுகிற மாதிரி ஒன்று, சாய்ந்தால் கால் நீட்டிக்கொள்ளும் ஒன்று. ஒன்று விடாமல் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எதைச் சூடேற்றினேன் என்று மட்டும் அவர் கேட்கவில்லை.